தென்கோடித் தீவின் பன்றிகள்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பன்றி. நம் ஊரில் அது ஒரு வசைச்சொல். தெருவில் சண்டை வந்தால் முதலில் வாயில் வருகிற பெயர்களில் ஒன்று. ஆனால் அதே நம் நாட்டில்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைச் சேவிக்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். தாயைப் பறிகொடுத்த பன்றிக்குட்டிகளுக்கு மதுரைச் சொக்கநாதரே தாய்ப்பன்றியாய் வந்து பால் கொடுத்தார் என்று திருவிளையாடற் புராணம் ஒரு படலமே வைத்திருக்கிறது. இகழ்வும் உண்டு, வணக்கமும் உண்டு. ஒரே விலங்கை இப்படி இரண்டு கண்ணால் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தை இன்று கொஞ்ச நேரம் கைவிடாமல் வைத்திருங்கள். அது தேவைப்படும்.

நான் சொல்லப்போகிற பன்றிகள் நியூசிலாந்துக்கும் தெற்கே, ஆக்லாந்து தீவுகளில் வாழ்ந்தவை. ஆக்லாந்து என்றதும் விமான நிலையமும் கிரிக்கெட் மைதானமும் உள்ள பெருநகரம் நினைவுக்கு வரும். அந்த நகரம் வடக்கே இருக்கிறது. நான் சொல்லும் தீவுகளுக்குப் போக வேண்டுமானால், நியூசிலாந்தின் தென்கரையிலுள்ள பிளஃப் துறைமுகத்தில் கப்பலேறி, தெற்கு நோக்கி சுமார் 465 கிலோமீட்டர் போக வேண்டும். தென் அட்சரேகை 50 பாகையைத் தாண்டியது அந்த இடம். அங்கே வீசும் மேற்குக் காற்றுக்கு மாலுமிகள் வைத்த பெயர், 'சீறும் ஐம்பதுகள்'. வருடத்தில் பெரும்பாலான நாள் மழையோ தூறலோ. கோடையிலும் குளிர். மேற்குக் கரை முழுக்கச் செங்குத்துப் பாறை. இன்று அங்கே குடியிருப்பவர் ஒருவருமில்லை.

அந்தத் தீவுக்குப் பன்றி எப்படிப் போயிற்று? நீந்திப் போகவில்லை. மனிதன் கொண்டுபோய் விட்டான்.

1806-இல் ஆபிரகாம் பிரிஸ்டோ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் இந்தத் தீவுகளைக் கண்டார். ஆக்லாந்து பிரபுவின் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டு, 1807-இல், திரும்பி வந்தபோது வடக்குத் துறைமுகத்தில் சில பன்றிகளை இறக்கிவிட்டுப் போனார். ஏன்? அந்தக் காலக் கப்பல்காரர்களின் வழக்கம் அது. எதிர்காலத்தில் கப்பல் உடைந்து யாராவது கரையேறினால் உண்ண ஏதாவது இருக்கட்டுமே என்ற எண்ணம். 1840-இல் தென்துருவம் நோக்கிப் போன ஜேம்ஸ் கிளார்க் ராஸ் மேலும் சில பன்றிகளை விட்டார். பின்னர் சாத்தம் தீவுகளிலிருந்து மாவோரி மக்கள் வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1849-இன் கடைசியில் சார்லஸ் என்டர்பி என்ற ஆங்கிலேயர் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கூட்டிவந்து ஹார்ட்விக் என்றொரு ஊரையே அங்கே அமைத்தார். பயிர் விளையவில்லை. திமிங்கிலம் அகப்படவில்லை. மூன்றாண்டு முடியுமுன் ஊர் கலைந்தது. மனிதர்கள் போனார்கள். பன்றிகள் இருந்தன.

அவற்றை விட்டவர்களின் கணக்கு பொய்க்கவுமில்லை. 1866 மே மாதம், மெல்போர்னிலிருந்து லண்டனுக்குத் தங்கம் ஏற்றிப் போன 'ஜெனரல் கிராண்ட்' என்ற கப்பல் அந்தச் செங்குத்துப் பாறையில் மோதி ஒரு குகைக்குள் சிக்கி மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 83 பேர். உயிரோடு ஒதுங்கியவர்கள் 15 பேர். பதினெட்டு மாதம் கழித்து மீட்கப்பட்டவர்கள் 10 பேர். அந்தப் பத்துப் பேரும் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள்? சீல்களையும் இந்தப் பன்றிகளையும்தான். ஆகவே, பன்றியை அங்கே விட்டவரை இன்று உட்கார்ந்துகொண்டு முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பன்றிகள் தீவை என்ன செய்தன? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தீவுகளில் உலகில் மிக அரிதாகவே காணக்கூடிய பெருஞ்செடிகள் உண்டு. கொட்டும் மழையிலும் உப்புக் காற்றிலும், குடை விரித்தது போன்ற இலைகளோடு, ஊதாவும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் செடிகள். அவற்றின் தடித்த கிழங்கு பன்றிக்கு விருந்து. நிலத்தில் பொந்து தோண்டி முட்டையிடும் கடற்பறவைகள் உண்டு. பன்றியின் மூக்குக்கு அந்தப் பொந்து எம்மாத்திரம்? திறந்த சரிவில் கூடு கட்டி, ஒரே ஒரு முட்டை இட்டு, மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆல்பட்ராஸ் பறவைக்குப் பன்றி என்றொரு எதிரி உண்டு என்பதே தெரியாது. அதன் முன்னோர் நாலுகால் வேட்டை விலங்கைக் கண்டதே இல்லை. பன்றி வந்தால் அது எழுந்து பறக்காது. கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

இந்தச் சேதம் எவ்வளவு என்று அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். கூட்டத்தின் பெருந்தீவான ஆக்லாந்து தீவின் தெற்கே ஒரு குறுகிய கடற்கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் ஆடம்ஸ் தீவு. அதே மழை, அதே மண், அதே காற்று. பெரிய வேறுபாடு, அங்கே பன்றி பெருகவில்லை. அங்கே மலைச்சரிவு முழுக்கப் பெருஞ்செடிகள் பூத்துக் கிடக்கின்றன. ஆல்பட்ராஸ்கள் தரையில் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கின்றன. இந்தப் பக்கம், பெருந்தீவில், பன்றி ஏறமுடியாத பாறை விளிம்புகளில்தான் அந்தச் செடிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 1998-இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளும் அடங்கிய தீவுக்கூட்டங்களை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அந்தப் பாரம்பரியத்தைத் தோண்டித் தின்றுகொண்டிருப்பது யார்? நான் இன்று புகழ வந்திருக்கும் இதே பன்றி!

எனவே அந்தத் தீவிலிருந்து பன்றி போகத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அங்கே பிறந்து, வேறு எங்கும் போக வழியில்லாத பறவைக்குத்தான் அந்த மண்ணில் முதல் உரிமை.

ஆனால் நண்பர்களே, போக வேண்டும் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறதா? முடியவில்லை. எந்த வரிசையில் போக வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சின் மையம். முதலில் மீட்பு, பிறகு நீக்கம். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும், மாறாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதே தீவுக்கூட்டத்தில் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. ஆடு, மாடு, பன்றி.

முதலில் ஆடு. ஆக்லாந்து தீவில் வெள்ளாடுகளும் விடப்பட்டிருந்தன. 1980-களின் பிற்பகுதியில் அவற்றை அகற்ற முடிவு செய்தபோது, ஒரு தொகுதியைப் பிடித்து நியூசிலாந்துப் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கொண்டுவந்த பிறகு அவற்றைத் தொடர்ந்து தனி இனமாக வைத்து வளர்க்கப் போதிய கைகள் இல்லை. இன்று அந்த இனம் இல்லை. மீட்டார்கள், காக்கவில்லை.

அடுத்து மாடு. வடகோடியில் என்டர்பி தீவு என்று சிறு தீவு ஒன்று. அங்கே 1890-களில் மாடுகள் விடப்பட்டன. அவை கடற்கரைக்கு இறங்கி வந்து, அலை ஒதுக்கிய கடற்பாசியைத் தின்று பழகி, ஒரு நூற்றாண்டு வாழ்ந்தன. புல்லே சரியாகக் கிடைக்காத இடத்தில் பாசி தின்று பிழைக்கும் மாடு! 1990-களின் தொடக்கத்தில் அவற்றைச் சுட்டு அகற்றினார்கள். இறந்த காளைகளிடமிருந்து விந்தணு எடுத்துச் சேமித்தார்கள், அவ்வளவுதான். இனம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், துப்பாக்கிக்குத் தப்பி ஒரே ஒரு பசு உயிரோடு திரிந்துகொண்டிருந்தது. 1993-இல் அதைப் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'லேடி' என்று பெயரிட்டார்கள்.

ஒரே பசு. உலகில் அந்த இனத்தில் எஞ்சிய ஒரே உயிர். வயதோ ஏறிக்கொண்டிருந்தது. என்ன செய்வது? கடைசியில் நியூசிலாந்து அறிவியலாளர்கள் அதன் உடல் செல்லை எடுத்துப் படியாக்கம் செய்தார்கள், அதாவது குளோனிங். 1998 ஜூலை 31 அன்று 'எல்சி' என்ற கன்று பிறந்தது. டாலி ஆடு பிறந்து இரண்டாண்டுதான் ஆகியிருந்த காலம் அது. அறிவியலின் பெரிய வெற்றி என்று உலகம் கைதட்டியது. நானும் கைதட்டுவேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சுடுவதற்கு முன் நாலு பசுவையும் இரண்டு காளையையும் படகில் ஏற்றியிருந்தால், இத்தனை பாடு எதற்கு?

மூன்றாவது சாட்சி பன்றி. ஆட்டிலும் மாட்டிலும் நடந்ததைப் பார்த்த பிறகு, நியூசிலாந்தின் அரிய கால்நடை இனங்கள் பாதுகாப்புச் சங்கம் 1999-இல் ஆக்லாந்து தீவுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அந்தத் தீவின் சேற்றிலும் புதரிலும் காட்டுப் பன்றியை உயிரோடு பிடிப்பது எளிய காரியமா? பிடித்தார்கள். 17 பன்றிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவற்றில் சில சினைப் பன்றிகள்.

அப்போது அந்தப் பன்றியால் ஏதாவது பயன் உண்டு என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீண்ட ஒடுங்கிய முகம், நேரான மூக்கு, நேரான வால், மெலிந்த உடம்பு, கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகக் கலந்த ரோமம். இறைச்சிக் கடைக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். இருந்தும் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டு தனித்து வாழ்ந்த ஓர் இனம் கண்ணெதிரே அழிய விடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுவந்தார்கள். தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில் அவற்றைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அந்த நகராட்சியும், அன்றைய மேயர் டிம் ஷாட்போல்ட்டும் ஆதரவாக நின்றார்கள். ஒரு நகராட்சி, சாக்கடையையும் சாலையையும் பார்ப்பதோடு, அரிய பன்றிகளுக்கும் கொட்டகை தேடியது. அந்த மனதை நான் மதிக்கிறேன்.

இனிமேல்தான் கதை திரும்புகிறது.

இந்த அரங்கில் உள்ளவர்களில் வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர்கூட இல்லாதவர் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் அதிகம் கைகள் எழாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி: 1980-கள் வரை உலகம் பயன்படுத்திய இன்சுலின் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டதுதான். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியின் இன்சுலினில் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மாறுபடும். அவ்வளவு நெருக்கம்!

ஆகவே ஆக்லாந்து நகரத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பாப் எலியட் ஒரு யோசனை செய்தார். பன்றியின் இன்சுலினைத் தினமும் ஊசியில் ஏற்றுவதற்குப் பதிலாக, இன்சுலின் சுரக்கும் செல்களையே நோயாளியின் உடம்பில் வைத்துவிட்டால் என்ன? பிறந்த சில நாளேயான பன்றிக்குட்டியின் கணையத்திலிருந்து அந்தச் செல் திட்டுகளைப் பிரித்தெடுப்பார்கள். மனித உடல் அந்நியச் செல்லைக் கண்டால் விடாது, தாக்கி அழிக்கும். அதற்காக, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்ற கூழால் ஒவ்வொரு திட்டையும் போர்த்துவார்கள். ஜவ்வரிசியைவிடச் சிறிய மணிகள். அந்தப் போர்வையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சர்க்கரையும் உயிர்க்காற்றும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். தாக்க வரும் வெள்ளணுவுக்கு மட்டும் அந்தத் துளை போதாது. வயிற்றில் சிறு துளையிட்டு, குழாய் வழியே அந்த மணிகளை உள்ளே விடுவார்கள். வேலை முடிந்தது.

1996-இல் நியூசிலாந்தில் ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்தார்கள். அவருக்குத் தேவைப்பட்ட இன்சுலின் அளவு சில காலம் 30 சதவீதம் வரை குறைந்தது. பிறகு பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் ஒன்பதரை ஆண்டு கழித்து அவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தபோது, சில மணிகளுக்குள் பன்றிச் செல்கள் இன்னும் உயிரோடு இருந்தன! 2007-இல் இதை வெளியிட்டார்கள்.

அப்படியானால் அடுத்தடுத்து ஏன் செய்யவில்லை? அச்சம். நியாயமான அச்சம். பன்றியின் உடம்பில் வைரஸ்கள் உண்டு. பன்றிக்குப் பெரிய தீங்கு செய்யாமல் அடங்கியிருப்பவை. அவை செல்லோடு மனித உடம்புக்குள் நுழைந்து, புது நோயாகி, ஊரெல்லாம் பரவினால்? ஒரு நோயாளியைக் காப்பாற்றப் போய் ஒரு நாட்டுக்கே நோயைக் கொடுப்பதா? நியூசிலாந்து அரசு அந்த முயற்சியை நிறுத்திவைத்தது. மருத்துவர்கள் தேடியது ஒன்றைத்தான்: வைரஸ் குறைந்த, சுத்தமான ஒரு பன்றி மந்தை.

அந்த மந்தை எங்கே இருந்தது? இன்வர்கார்கிலில், யாருக்கும் வேண்டாத பன்றிகளாக, கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது.

தீவில் வாழ்ந்த விலங்குக்கு நோய் ஏன் குறைவு? இதை விளக்க மனிதர்களின் கதை ஒன்றைச் சொல்கிறேன். வட அட்லாண்டிக்கில் ஃபேரோ தீவுகள். அங்கே 1781-இல் தட்டம்மை வந்தது, போனது. அதன் பிறகு 65 ஆண்டு அங்கே தட்டம்மையே இல்லை. ஏன்? ஒரு வைரஸ் உயிர்வாழப் புதுப்புது உடம்பு வேண்டும். சிறு கூட்டத்தில் எல்லோரையும் ஒருமுறை தொட்டுவிட்டால் அடுத்து தொட ஆளில்லை. வைரஸ் தானே மடிகிறது. 1846-இல் ஒரு கப்பல் வழியாக மறுபடி வந்தபோது, 7,782 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் போய்ப் பார்த்து எழுதி வைத்தார்: 1781-இல் தட்டம்மை கண்ட முதியவர்களை அது தொடவில்லை. தனித்திருக்கும் சிறு கூட்டத்தில் நோய் நின்று நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆக்லாந்து தீவுப் பன்றிகளுக்கும் நடந்தது அதுதான். சிறு கூட்டம், நூற்றாண்டுக் கணக்கில் தனிமை, வெளியிலிருந்து புதுப் பன்றியின் வரவு அரிது. பண்ணைப் பன்றிகளிடையே சகஜமான பல நோய்கள் அவற்றிடம் நிலைக்கவில்லை. பன்றியின் மரபணுவிலேயே ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு வகை ரெட்ரோவைரஸ் உண்டு. அதன் பிரதிகள் இந்த இனத்தில் குறைவு. ஆய்வகத்தில் இந்தப் பன்றிகளின் செல்லிலிருந்து அது மனிதச் செல்லுக்குத் தாவக் காணவில்லை. ஆனாலும் தீவில் வாழ்ந்ததால் மட்டுமே ஒரு பன்றி சுத்தமாகிவிடாது. உடம்புக்குள் பதுங்கிக்கொள்ளும் வைரஸ்களுக்குக் கூட்டம் சிறிதா பெரிதா என்ற கவலை இல்லை. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை மூடிய கொட்டகையில் வளர்த்து, உள்ளே போகும் ஊழியர் குளித்து உடைமாற்றிப் போகும்படி வைத்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். தீவு பாதி வேலையைச் செய்தது. மீதியை மனிதர்கள் செய்தார்கள்.

எலியட்டின் 'லிவிங் செல் டெக்னாலஜீஸ்' நிறுவனம் இந்த மந்தையை வைத்து 2009-இல் நியூசிலாந்தில் அரசு அனுமதியோடு சோதனையைத் தொடங்கியது. 14 நோயாளிகள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, தாழ்வது தெரியாமலே மயங்கி விழும் ஆபத்தில் இருந்தவர்கள். பலருக்கு அந்த ஆபத்து குறைந்தது. ஆனால் ஊசியைத் தூக்கி எறியும் நாள் வரவில்லை. அந்தச் சிகிச்சை மருந்துக்கடைக்கு வரவில்லை. பார்க்கின்சன் நோய்க்கு இதே பன்றிகளின் மூளைச் செல்களை வைத்துச் செய்த சோதனையும் 2017-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. நம்பிக்கையைத் தர வந்தவன் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். பத்திரிகையில் 'பன்றியால் சர்க்கரை நோய் குணம்' என்று தலைப்பு வந்தால் நம்பாதீர்கள்.

அப்படியானால் பன்றிகளின் காலம் முடிந்ததா? இல்லை. 2022 ஜனவரிக்கு வாருங்கள்.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனை. 57 வயது நோயாளி ஒருவருக்கு, மரபணு திருத்திய பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். உலகில் முதல் முறை. இதயம் துடித்தது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். பிறகு இறந்தார். ஆராய்ந்தபோது அந்த இதயத்தோடு ஒரு வைரஸும் வந்திருந்தது தெரிந்தது. பன்றி சைட்டோமெகலோ வைரஸ். முன்பே பரிசோதித்திருந்தார்கள். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அது சிக்கவில்லை. உள்ளே பதுங்கியிருந்தது. மரணத்துக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியில் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் பொருத்திய ஆய்வுகளில், இந்த வைரஸ் இருந்த இதயங்கள் சில வாரங்களில் நின்றன. இல்லாத ஒன்று 195 நாள் வரை துடித்தது. பத்து மரபணுவைத் திருத்தத் தெரிந்த கைகளுக்கு ஒரு பழைய வைரஸ் தண்ணி காட்டியது!

அந்த ஜெர்மன் ஆய்வாளர்கள் அடுத்துத் தேர்ந்தெடுத்த பன்றி எது தெரியுமா? மியூனிக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் வோல்ஃப் குழு 2022 பிப்ரவரியில் அறிவித்தது: மனிதருக்கு இதயம் தரும் பன்றிகளை நாங்கள் ஆக்லாந்து தீவு இனத்திலிருந்து உருவாக்குகிறோம், ஐந்து மரபணுத் திருத்தம் போதும் என்று. ஏன் இந்த இனம்? இங்கேதான் அந்த மெலிந்த உடம்பு கைகொடுக்கிறது. பண்ணைப் பன்றி இருநூறு கிலோவுக்கு மேல் வளரும். அதன் இதயத்தை மனித மார்பில் வைத்தால், அது தன் பழைய வேகத்திலேயே வளரும், இடம் போதாமல் நெருக்கும். அமெரிக்காவில் திருத்திய பத்து மரபணுக்களில் ஒன்று வளர்ச்சியைக் கட்டுப்படுத்தவே திருத்தப்பட்டது. ஆக்லாந்து தீவுப் பன்றிக்கு அந்தத் திருத்தம் தேவைப்படாது. குளிரும் பசியும் இருநூறு ஆண்டாக அதைச் சிறியதாகவே வைத்திருக்கின்றன. இறைச்சிக் கடைக்காரர் எதற்காக அதை ஒதுக்கினாரோ, அதற்காகவே இதய மருத்துவர் அதைத் தேடினார்.

2024 மார்ச்சில் பாஸ்டனில் உயிருள்ள நோயாளிக்குப் பன்றிச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. வேறு இனப் பன்றி. அதன் மரபணுவில் ஒளிந்திருந்த ரெட்ரோவைரஸ் பிரதிகளை 59 இடங்களில் வெட்டிச் செயலிழக்கச் செய்தார்கள். மகத்தான திறமை. நியூசிலாந்திலோ இன்றும் இந்தத் தீவுப் பன்றிகளை வைத்தே சிறுநீரகத்துக்கான ஆய்வைத் தொடர்கிறார்கள். எந்தப் பாதை வெல்லும் என்பதைக் காலம்தான் சொல்லும். நான் சொல்ல விரும்புவது, இரண்டாவது பாதை திறந்திருப்பதற்குக் காரணம் 1999-இல் சேற்றில் இறங்கிய சிலர் என்பதைத்தான்.

இங்கே ஒரு குரல் எழும். எழ வேண்டும். மனிதனுக்கு உதிரிப் பாகம் செய்வதற்காக ஓர் உயிரை அறைக்குள் அடைத்து வளர்ப்பது தர்மமா? காற்றும் சேறும் கடற்கரையும் கண்ட இனம், இன்று வடிகட்டிய காற்றில், கழுவிய தரையில் நிற்கிறது. அது மண்ணைக் கிளறாமல் இருக்க முடியாத விலங்கு. இது எனக்கும் உறுத்துகிறது. என் எண்ணத்தைச் சொல்கிறேன்: மருத்துவத்துக்காக ஒரு மந்தை இருக்கலாம். ஆனால் அந்த மந்தை மட்டுமே இனமாகிவிடக் கூடாது. புல்லில் மேய்ந்து, மண்ணைக் கிளறி, குட்டிபோட்டு வாழும் மந்தைகளும் வேண்டும். தர்மத்துக்காகவும் வேண்டும், பாதுகாப்புக்காகவும் வேண்டும். ஏனென்றால் ஒரே கொட்டகையில் இருக்கும் இனம், ஒரு தீ விபத்திலோ ஒரு நிறுவனத்தின் நிதி முடக்கத்திலோ முடிந்துபோகும்.

இந்த மந்தைக்கு அடித்தளம் பதினேழே பன்றிகள் என்பதை மறக்காதீர்கள். எந்த ஆண் பன்றியை எந்தப் பெண் பன்றியோடு சேர்ப்பது என்று ஏடு வைத்துப் பார்க்காவிட்டால், சில தலைமுறையில் உறவுக்குள் கலந்து குட்டிகள் நலியும். முடியாததல்ல இது. நியூசிலாந்திலேயே மாவோரிகள் வளர்த்த கூனிகூனி என்ற குட்டையான, உருண்டையான, தாடையில் இரண்டு தொங்கல் உள்ள பன்றி இனம் 1970-களின் இறுதியில் அழிவின் விளிம்புக்கு வந்தது. இரண்டு வனவிலங்குப் பூங்காக்காரர்கள் 18 பன்றிகளை ஊர் ஊராகத் தேடி வாங்கி வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்கூடப் பரவலாக வளர்கிறது. காரணம், ஆயிரம் சிறு வளர்ப்பாளர்கள் அதை விரும்பி வாங்கியதுதான். ஆக்லாந்து தீவுப் பன்றிக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. ஆய்வகத்துக்கு வெளியே அதை வளர்ப்பவர்கள் மிகச் சிலரே.

தீவில் என்ன நிலை? நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, பெருந்தீவிலிருந்து பன்றி, பூனை, சுண்டெலி மூன்றையும் அடியோடு நீக்கும் திட்டத்துக்கு 'மௌகாஹுகா' என்று பெயரிட்டிருக்கிறது. சுமார் 46,000 ஹெக்டேர் தீவு. 2018 முதல் அங்கேயே முகாமிட்டு ஒத்திகை பார்த்தார்கள். முடியும் என்று கண்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பணமில்லாமல் திட்டம் தள்ளிப்போனது. பிறகு நிதி திரட்டத் தொடங்கினார்கள். அது நடக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். பன்றிகளுக்காக இவ்வளவு நேரம் பேசிய நானே சொல்கிறேன், அந்தத் தீவில் கடைசிப் பன்றியும் போகட்டும், ஆல்பட்ராஸ் திரும்பட்டும். இதை என்னால் நிம்மதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், முதலில் மீட்பு நடந்துவிட்டது.

கால்நடை மருத்துவம் பயிலும் மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நாளை நீங்கள் அதிகாரிகளாவீர்கள். ஒரு தீவிலோ காட்டிலோ ஊர்ப்புறத்திலோ, இந்த மந்தை இடைஞ்சல், அகற்றுங்கள் என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். அகற்ற வேண்டியதாகவே இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கோப்பில் மூன்று கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தமும் ரோமமும் மாதிரி எடுத்தாயிற்றா? ஒருவருக்கொருவர் உறவில்லாத சில சோடிகளைப் பிடித்து வேறிடத்தில் சேர்த்தாயிற்றா? அவற்றை அடுத்த இருபது ஆண்டு வளர்க்கப்போவது யார், செலவு யாருடையது என்று பெயரோடு எழுதியாயிற்றா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.